ஆங்கில இலக்கியத்தில் பிஎச்.டி.: நெட் தேர்வுக்கும் ஆய்வுக்கும் ஒரே படிப்பு

எம்.ஏ. ஆங்கிலம் முடிக்கும் மாணவர்களில் பலர் தேசியத் தகுதித் தேர்வான நெட்டை ஒரு வேலையாகவும் பிஎச்.டி.யை இன்னொரு வேலையாகவும் பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். முதலில் நெட்டை முடித்துவிடுவோம், ஆய்வுத் தலைப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. 2024 ஜூன் சுற்றிலிருந்து அந்தக் கணக்கு உதவாமல் போய்விட்டது. பல்கலைக்கழகங்கள் தனித்தனியே நுழைவுத் தேர்வு வைக்காமல் நெட் மதிப்பெண்ணையே பிஎச்.டி. சேர்க்கைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு அந்த ஆண்டு அறிவித்தது. அதனால் இப்போது ஒரே தேர்வின் முடிவு மூன்று வகையாக வருகிறது. முதல் வகையில் வருபவருக்கு ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை, உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்.டி. சேர்க்கைத் தகுதி மூன்றும் உண்டு. இரண்டாம் வகைக்கு உதவித்தொகை கிடையாது, மற்ற இரண்டும் உண்டு. மூன்றாம் வகை பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது நேர்காணலின் பங்கு. ஜேஆர்எஃப் பெற்றவர்களை நேர்காணலின் அடிப்படையில் சேர்க்கிறார்கள். இரண்டாம், மூன்றாம் வகையினருக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பர்சன்டைலை, அதாவது எழுதியவர்களில் எத்தனை சதவீதத்தினர் நமக்குக் கீழே என்ற எண்ணை, அப்படியே எடுத்துக்கொண்டால், 90 பர்சன்டைல் வாங்கியவருக்கு நெட் பங்கு 63. நேர்காணலில் நூற்றுக்கு 60 வாங்கினால் 18 சேர்ந்து மொத்தம் 81. இன்னொருவர் 84 பர்சன்டைல்தான் வாங்கியிருக்கிறார், பங்கு 58.8. ஆனால் ஆய்வு முன்மொழிவைத் தெளிவாக எழுதி நேர்காணலில் 85 வாங்கினால் 25.5 சேர்ந்து 84.3. பின்னவருக்குத்தான் இடம். அதோடு இரண்டாம், மூன்றாம் வகையினரின் மதிப்பெண் பிஎச்.டி. சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும். முடிவு வந்த பிறகு தலைப்பைத் தேட ஆரம்பித்தால் அந்த ஓராண்டில் பாதி தலைப்பிலேயே போய்விடும்.

தகுதி விவரம் சுருக்கமாக. முதுநிலைப் பட்டத்தில் 55 சதவீதம் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர்களும் இப்போது பிஎச்.டி.க்கு வரலாம். ஜேஆர்எஃப்புக்கு வயது உச்சவரம்பு 30. பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்தாண்டு தளர்வு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பே இல்லை. உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வாளர்) ஆனதும் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. மாநிலத்தின் செட் தேர்வு அந்த மாநிலத்துக்குள் உதவிப் பேராசிரியர் தகுதி தரும், உதவித்தொகை தராது. ஐஐடிகளும் வேறு சில நிறுவனங்களும் தாமே எழுத்துத் தேர்வும் நேர்காணலும் வைக்கின்றன. விரும்பும் இடத்தின் அறிவிக்கையை வரி விடாமல் படிப்பதற்கு மாற்று வழி கிடையாது.

தாளின் அமைப்பு

எல்லோருக்கும் பொதுவான முதல் தாளில் 50 கேள்வி, அவரவர் பாடத்துக்கான இரண்டாம் தாளில் 100. கேள்விக்கு இரண்டு மதிப்பெண் வீதம் மொத்தம் 300. இரண்டு தாளையும் இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்தில் கணினியில் எழுத வேண்டும். ஒரு கேள்விக்குச் சராசரி 72 விநாடி. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆகவே ஒரு கேள்வியைக்கூட வெற்றாக விடக் கூடாது. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் 20 கேள்விக்குச் சராசரியாக 5 சரியாகும். அது 10 மதிப்பெண். ஜேஆர்எஃப்பும் வெறும் தகுதியும் பிரிகிற இடத்தில் பத்து மதிப்பெண் பெரிய தூரம்.

பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 35 சதவீதம் குறைந்தபட்ச மதிப்பெண். அதை வாங்கிவிட்டால் தேறிவிட்டோம் என்று நினைப்பது தவறு. இரண்டு தாளும் எழுதியவர்களின் எண்ணிக்கையில் 6 சதவீதத்தினரைத்தான் உதவிப் பேராசிரியர் தகுதிக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்-ஆஃப் பாடவாரியாகவும் பிரிவுவாரியாகவும் அந்தந்தச் சுற்றில்தான் தெரியவரும்.

ஆங்கிலத்தின் பாட எண் 30. பாடத்திட்டத்தில் பத்து அலகுகள். நாடகம், கவிதை, புனைகதை, புனைவல்லாத உரைநடை என்று முதல் நான்கும் இலக்கியம். ஐந்தாவது மொழியும் மொழி கற்பித்தலும். ஆறாவது இந்தியாவில் ஆங்கிலத்தின் வரலாறு. ஏழு பண்பாட்டு ஆய்வுகள், எட்டு இலக்கியத் திறனாய்வு, ஒன்பது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கோட்பாடு, பத்து ஆய்வு முறையியல். முதல் நான்கு அலகுகளின் கீழ் ஒரு குறிப்பு இருக்கிறது: ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எல்லா நாட்டு இலக்கியங்களும் இவற்றுக்குள் அடக்கம். பிரிட்டிஷ் இலக்கிய வரலாற்றை மட்டும் மூன்று முறை படித்துவிட்டுப் போகிறவர்கள் ஆப்பிரிக்க, கரீபிய, ஆஸ்திரேலிய, கனடிய எழுத்துகளில் அடி வாங்குவது இந்த ஒரு வரியைப் பார்க்காததால்தான்.

சங்கிலியாகப் படிப்பது

கடைகளில் விற்கும் தேர்வுக் கையேடுகளில் ஆயிரக்கணக்கான ஒற்றை வரித் தகவல்கள் இருக்கும். எழுதியவர் யார், ஆண்டு என்ன, பாத்திரத்தின் பெயர் என்ன. அவற்றை மனப்பாடம் செய்து தேர்வுக்குப் போகிறவர் திணறுவதற்குக் காரணம் ஞாபக சக்திக் குறைவு அன்று. இன்றைய கேள்விகள் தகவல்களுக்கு இடையில் உள்ள உறவைக் கேட்கின்றன. நான்கு நூல்களைக் கால வரிசையில் அடுக்கு, நான்கு திறனாய்வாளர்களை நான்கு கருத்தோடு பொருத்து, ஒரு கூற்றும் ஒரு காரணமும் கொடுத்து இந்தக் காரணம் அந்தக் கூற்றை விளக்குகிறதா என்று சொல். இந்த உறவுகளைத்தான் ஆய்வு முன்மொழிவும் கேட்கிறது. ஆகவே படிக்கும்போதே நூல்களைச் சங்கிலியாகக் கோத்துவிட்டால் இரண்டுக்கும் ஒரே உழைப்பு போதும்.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகப் பார்ப்போம். ஏ4 தாளைப் படுக்கவாட்டில் வைத்து, நடுவில் நீளமாக ஒரு கோடு போடுங்கள். கோட்டின் இடது கோடியில் 1847, 'ஜேன் ஏர்'. சார்லட் பிராண்டே அதைக் கரர் பெல் என்ற புனைபெயரில் வெளியிட்டார். கோட்டுக்குக் கீழே: தார்ன்ஃபீல்டு மாளிகையின் மேல்மாடியில் பூட்டி வைக்கப்பட்ட பெர்த்தா மேசன், ஜமைக்காவிலிருந்து வந்தவள், அவள் சிரிப்பு கேட்கிறது, அவள் தன் கதையைச் சொல்வதே இல்லை. அடுத்த கண்ணி 1966, 'வைட் சர்காசோ சீ'. கரீபியத் தீவான டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரைஸ் அந்தப் பூட்டிய அறைக்காரிக்கு ஆன்ட்வனெட் என்ற பெயரும் ஒரு குழந்தைப் பருவமும் கொடுத்து எழுதிய நாவல். அவளைப் பெர்த்தா என்று பெயர் மாற்றுவது கணவன். அந்தக் கணவனின் பெயர் நாவலில் எங்குமே வருவதில்லை. மூன்றாவது கண்ணி 1979: சாண்ட்ரா கில்பர்ட்டும் சூசன் குபாரும் எழுதிய 'தி மேட்வுமன் இன் தி ஆட்டிக்'. அவர்கள் பெர்த்தாவை, ஜேன் வெளியே காட்ட முடியாத கோபத்தின் மறுவடிவமாகப் படிக்கிறார்கள். நான்காவது 1985: காயத்ரி சக்ரவர்த்தி ஸ்பிவாக்கின் 'த்ரீ விமன்ஸ் டெக்ஸ்ட்ஸ் அண்ட் எ கிரிட்டிக் ஆஃப் இம்பீரியலிசம்'. ஜேன் ஒரு தனிமனுஷியாக எழுந்து நிற்பதற்காகக் காலனியிலிருந்து வந்த பெண் வீட்டுக்குத் தீ வைத்து மாய்ந்துபோக வேண்டியிருக்கிறது, மேற்கத்தியப் பெண்ணியம் அதைக் கொண்டாடும்போது ஏகாதிபத்தியத்தைப் பார்க்கத் தவறுகிறது என்பது ஸ்பிவாக்கின் வாதம். அவர் எடுத்துக்கொண்ட மூன்றாவது பிரதி 1818-ல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்'.

இந்த ஒரே தாளில் எத்தனை கேள்வி ஒளிந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கால வரிசைக் கேள்வி ஒன்று, புனைபெயர் ஒன்று, பாத்திரப் பெயர் இரண்டு, திறனாய்வாளரோடு கருத்தைப் பொருத்துவது ஒன்று, ஸ்பிவாக்கின் மூன்று பிரதிகள் எவை என்று ஒன்று. மூன்றாம் அலகும் ஒன்பதாம் அலகும் ஒரு கோட்டில் வந்துவிட்டன. நூலைப் படித்துவிட்டு நீங்களே கையால் எழுதியதால் அது எளிதில் மறக்காது. கோட்டின் வலது பக்கம் காலியாக இருக்கிறதே, அங்கே அடுத்து என்ன வரலாம் என்ற கேள்விதான் ஆய்வின் தொடக்கம்.

இன்னொரு சங்கிலி. கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' 1899-ல் இதழில் தொடராக வந்தது, 1902-ல் நூலாக வந்தது. யேட்ஸின் 'தி செகண்ட் கமிங்' 1920-ல் அச்சானது. அதிலிருந்து ஒரு தொடரை எடுத்துச் சினுவா அச்சிபி 1958-ல் தன் முதல் நாவலுக்கு 'திங்ஸ் ஃபால் அபார்ட்' என்று பெயர் வைத்தார். அவரே 1975-ல் ஆற்றிய உரையில் கான்ராடை இனவாதி என்று கண்டித்தார். ஆப்பிரிக்க எழுத்தாளன் எந்த மொழியில் எழுத வேண்டும் என்று கூகி வா தியாங்கோ 1986-ல் 'டீகாலனைசிங் தி மைண்ட்' நூலில் கேட்டார். இப்படி முப்பதிலிருந்து நாற்பது தாள் போட்டுவிட்டால் இலக்கிய அலகுகளின் முதுகெலும்பு கைக்கு வந்துவிடும். வாரத்துக்கு இரண்டு தாள் என்றால் ஐந்து மாதம் ஆகும். நாடகத்தில் தொடங்குவது நல்லது. தமிழ் வழியில் பள்ளிப் படிப்பு முடித்து வந்தவர்களுக்கு உரையாடல் வடிவம் பழக்கமானது, வாய்விட்டுப் படிக்கலாம், இரண்டு மூன்று மாலையில் ஒரு நாடகம் முடிந்துவிடும். பழைய நூல்கள் குட்டன்பர்க் தளத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. இ-பிஜி பாடசாலா தளத்தில் எம்.ஏ. அளவிலான ஆங்கிலப் பாடங்கள் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்க வேண்டியவை ஏப்ரம்ஸின் கலைச்சொல் அகராதியும் பீட்டர் பாரியின் கோட்பாட்டு அறிமுகமும்தான். மற்றவற்றை நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆண்டுகள் எங்கே ஏமாற்றும்

கால வரிசைக் கேள்விகளில் நன்றாகப் படித்தவர்களே தவறு செய்கிறார்கள். எழுதிய ஆண்டும் அச்சான ஆண்டும் வேறுபடும் நூல்களே அதற்குக் காரணம். கேள்வி பெரும்பாலும் அச்சான ஆண்டைத்தான் கேட்கும். ஃபிலிப் சிட்னி கவிதைக்காக வாதாடிய நூலை 1580 வாக்கில் எழுதினார், 1586-ல் இறந்தார், நூல் 1595-ல்தான் வந்தது. அதுவும் இரண்டு பதிப்பாளர்கள் இரண்டு தலைப்பில் போட்டார்கள். ஒன்றில் 'அபாலஜி', இன்னொன்றில் 'டிஃபென்ஸ்'. ஷெல்லியின் 'எ டிஃபென்ஸ் ஆஃப் பொயட்ரி' 1821-ல் எழுதப்பட்டது, அச்சானது 1840. ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் இறந்தது 1889. அவருடைய கவிதைகளை நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் நூலாக்கியது 1918. வேர்ட்ஸ்வொர்த்தின் 'தி பிரிலூட்' அவர் இறந்த 1850-ல் வந்தது. ஈ.எம். ஃபார்ஸ்டரின் 'மாரிஸ்' 1971. சசூரின் மொழியியல் நூல் அவர் கையால் எழுதியதே அன்று. அவர் 1913-ல் இறந்த பிறகு மாணவர் குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்டு 1916-ல் வந்தது. ரோலான் பார்த்தின் 'ஆசிரியனின் மரணம்' ஆங்கில மொழிபெயர்ப்பில் 1967-லும் பிரெஞ்சு மூலத்தில் 1968-லும் வெளியானது. மொழிபெயர்ப்பு முந்திக்கொண்ட அபூர்வமான நிகழ்வு. இந்த இரட்டை ஆண்டு நூல்களுக்கென்றே ஒரு பக்கம் ஒதுக்கி, அச்சான ஆண்டைச் சிவப்பு மையில் எழுதிவையுங்கள்.

தலைப்பும் ஏமாற்றும். ஆர்னால்டின் 'கல்ச்சர் அண்ட் அனார்க்கி' 1869, ரேமண்ட் வில்லியம்ஸின் 'கல்ச்சர் அண்ட் சொசைட்டி' 1958, எட்வர்ட் செயித்தின் 'கல்ச்சர் அண்ட் இம்பீரியலிசம்' 1993. மூன்றையும் தனித்தனி நாளில் படித்தால் குழம்பும். ஒரே நாளில் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் 'பண்பாடு' என்ற சொல்லின் பொருள் நூற்றிருபது ஆண்டில் எப்படி நகர்ந்தது என்பதே பாடமாகிவிடும், ஆண்டும் நிற்கும்.

கூற்று–காரணக் கேள்வியில் பெரும்பாலோர் சறுக்கும் இடம் ஒன்றுதான். இரண்டு வரியும் உண்மையாக இருந்தால் உடனே 'காரணம் கூற்றை விளக்குகிறது' என்று தொட்டுவிடுகிறார்கள். கூற்று: ஹாப்கின்ஸ் விக்டோரியக் காலத்தவர், ஆனால் அவருடைய தாக்கம் இருபதாம் நூற்றாண்டுக் கவிஞர்களிடம்தான் தெரிகிறது. காரணம்: அவருடைய கவிதைகள் 1918-ல்தான் நூலாயின. இங்கே விளக்கம் பொருந்துகிறது. காரணத்தை மாற்றி, அவர் ஸ்ப்ரங் ரிதம் என்ற யாப்பைக் கையாண்டார் என்று போட்டால் அதுவும் உண்மைதான், ஆனால் தாக்கம் ஏன் தாமதமானது என்பதை அது விளக்காது. இரண்டு வரிக்கும் நடுவில் 'ஏனென்றால்' என்ற சொல்லை மனத்துக்குள் வைத்துப் படித்தால் வேறுபாடு தானே தெரியும்.

தமிழ் கைகொடுக்கும் இடங்கள்

ஐந்தாம் அலகைக் கண்டாலே இலக்கிய மாணவர்கள் ஒதுங்குவார்கள். ஒலியன், மாற்றொலி என்பதை ஆங்கில எடுத்துக்காட்டில் புரிந்துகொள்ளத் திண்டாடுகிறவர், 'கல்', 'சங்கு', 'பகல்' மூன்றையும் சத்தமாகச் சொல்லிப் பார்க்கட்டும். எழுத்து ஒரே ககரம்தான். சொல்லின் முதலில் ஒரு மாதிரி, மெல்லினத்துக்குப் பின் ஒரு மாதிரி, உயிர்களுக்கு நடுவில் இன்னொரு மாதிரி ஒலிக்கிறது. இடம் மாறினால் ஒலி மாறுகிறது, பொருள் மாறுவதில்லை. அதுதான் மாற்றொலி. ஆங்கிலத்தில் இதே வேறுபாடு பொருளை மாற்றிவிடுவதால் அங்கே அவை தனித்தனி ஒலியன்கள். ஒலியின் பிறப்பிடம் பற்றிய பாடமும் பள்ளியில் எழுத்துகளின் பிறப்பு என்று படித்த பாடத்தின் தொடர்ச்சியே. சார்ல்ஸ் ஃபெர்குசன் 1959-ல் விளக்கிய டைக்ளாசியா, அதாவது ஒரே மொழிக்குள் மேல்வழக்கும் கீழ்வழக்கும் தனித்தனி வேலைக்கு நிற்பது, எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் தெரிந்த யாருக்கும் இரண்டு நிமிடப் பாடம்.

ஆறாம் அலகு சிறியது, கேள்விகள் நேரடியானவை. 1813 சாசனச் சட்டம், 1823-ல் ராம்மோகன் ராய் ஆம்ஹர்ஸ்ட் பிரபுவுக்கு எழுதிய கடிதம், 1835 பிப்ரவரி 2 மெக்காலே குறிப்பு, 1854 உட் அறிக்கை, 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள், 1964–66 கோத்தாரி ஆணையம். இந்த எலும்புக்கூட்டின் மேல் சதை வைப்பது 1989-ல் வந்த கௌரி விஸ்வநாதனின் 'மாஸ்க்ஸ் ஆஃப் கான்க்வெஸ்ட்'. ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக இங்கிலாந்தில் நிலைபெறுவதற்கு முன்பே இந்தியாவில் ஆட்சியின் தேவைக்காக நிலைபெற்றது என்பது அதன் வாதம். நம் வகுப்பறையின் வரலாறு என்பதால் இதைக் கட்டாயம் முழுதாகப் படிக்க வேண்டும்.

முதல் தாளைப் பற்றி

மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு இது. பத்து அலகு, அலகுக்கு ஐந்து கேள்வி. இலக்கிய மாணவர்கள் கணக்கையும் தரவு விளக்கத்தையும் கைவிட்டுவிடுகிறார்கள். அது இருபது மதிப்பெண்ணைத் தூக்கிக் கொடுப்பதாகும். சதவீதம், விகிதம், எண் தொடர், வேகம்–தூரம், இவ்வளவுதான். தினமும் நாற்பது நிமிடம், இரண்டு மாதம் போதும். தர்க்கப் பகுதியில் இந்தியத் தர்க்கமும் உண்டு: பிரத்யட்சம், அனுமானம், உபமானம், சப்தம், அர்த்தாபத்தி, அனுபலப்தி ஆகிய ஆறு பிரமாணங்களையும் (அறிவைப் பெறும் வழிகளையும்) எடுத்துக்காட்டோடு தெரிந்துகொண்டால் அந்தக் கேள்விகளைத் தவற விட வழியில்லை.

தேர்வு அறையில் நேரத்தைப் பிரிக்கும் ஒரு முறை இது. இரண்டாம் தாளில், படித்து விடை சொல்லும் பத்திகள் தவிர்த்த ஏறக்குறைய 90 கேள்விக்கு 75 நிமிடம். கவிதையும் உரைநடையுமாக வரும் பத்திகளுக்கு 25 நிமிடம். முதல் தாளுக்கு 65 நிமிடம். மீதி 15 நிமிடம் குறித்து வைத்த கேள்விகளுக்கு. முதல் தாளில் தொடங்கித் தரவு அட்டவணையில் இருபது நிமிடம் சிக்கிக்கொள்வதுதான் வழக்கமான விபத்து. பத்திகளில் நடக்கும் தவறு வேறு மாதிரி: கவிஞரைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் கவிதைக்குள் ஏற்றிவிடுவது. விடை அந்தப் பன்னிரண்டு வரிக்குள்ளேயே இருக்கும். கால வரிசையில் அடுக்கிய விடைகளில் முதலாவதும் கடைசியும் எது என்று உறுதிசெய்தால் பெரும்பாலும் இரண்டு விடை கழிந்துவிடும். நடுவைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். தேர்வு முடிந்ததும் தற்காலிக விடைக்குறிப்பு வரும். தவறு இருந்தால் கேள்விக்கு 200 ரூபாய் கட்டி மறுக்கலாம். பணம் திரும்பாது, ஆகவே நூலின் பக்கத்தை ஆதாரமாகக் கையில் வைத்துக்கொண்டு மறுக்க வேண்டும்.

முன்மொழிவு

நேர்காணல் குழுவின் முன் போகும் முன்மொழிவு வழக்கமாக 1500 முதல் 2000 சொல்லுக்குள் இருக்கும். தலைப்பு, ஆய்வுக் கேள்வி, முன்னோர் செய்த ஆய்வு, முறையியல், இயல் பகுப்பு, கால அட்டவணை, நூற்பட்டியல். குறை பெரும்பாலும் கேள்வியில்தான் இருக்கும். 'இன்னாரின் நாவல்களில் பெண்ணியம்' என்பது தலைப்பே தவிர, கேள்வி ஆகாது. அதற்கு 'ஆம், பெண்ணியம் இருக்கிறது' என்பதைத் தவிர வேறு விடை கிடைக்காது.

ஒன்றைத் திருத்திப் பார்ப்போம். 'பாமாவின் கருக்கு நூலில் தலித் பெண்ணியம்' என்று ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தில் பாமாவின் பெயரைத் தட்டிப் பார்த்தால் இந்த வழியில் எத்தனை பேர் முன்பே நடந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இனி நூலின் வரலாற்றைப் பார்ப்போம். 'கருக்கு' தமிழில் 1992-ல் வந்தது. லட்சுமி ஹோல்ம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000-ல் வந்தது. 2012-ல் ஆக்ஸ்ஃபோர்ட் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. பனங்கருக்கின் கூர்மையைச் சொல்லும் தலைப்பை மொழிபெயர்ப்பாளர் தமிழிலேயே விட்டுவிட்டார். இப்போது கேள்வி இப்படி மாறலாம்: மூலத்தில் உள்ள பேச்சு வழக்கு ஆங்கிலத்தில் எந்த இடங்களில் தங்குகிறது, எந்த இடங்களில் பொது ஆங்கிலமாகக் கரைகிறது? இரண்டு பதிப்புகளின் முன்னுரைகளும் பின்னுரைகளும் ஆங்கில வாசகரை எந்தத் திசையில் படிக்கச் சொல்கின்றன? இதற்குத் தேவையான பிரதிகள் மூன்றே. விடை முன்கூட்டித் தெரியாது. தமிழ் தெரியாத ஆய்வாளர் இந்த வேலையைச் செய்ய முடியாது. ஆங்கிலத் துறையில் ஆய்வுக்கு வரும் தமிழ் மாணவர்கள் தம் தாய்மொழியைக் குறையாக நினைத்து மறைக்கிறார்களே, அதுதான் அவர்களிடம் இருக்கும் பெரிய மூலதனம்.

ஆவணங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. கிருபாபாய் சத்தியநாதனின் 'சகுணா' 1887–88-ல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழில் தொடராக வந்தது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கும்போது, எல்லாத் தலைப்பும் அச்சில் எளிதாகக் கிடைக்கும் நான்கு நாவல்களையே சுற்றிவருவது வருத்தமாக இருக்கிறது.

முறையியலில் கோட்பாட்டாளர் பெயர்களை வரிசையாக அடுக்குவது இன்னொரு குறை. ஒரே ஒரு கருத்தை எடுத்து, அது இந்தப் பிரதியில் எந்த வேலையைச் செய்யும் என்று இரண்டு பத்தியில் காட்டினால் போதும். நூற்பட்டியலில் படிக்காத நூலைச் சேர்க்காதீர்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி தந்த பட்டியலை அப்படியே ஒட்டினால் உலகில் இல்லாத நூல்களும் கட்டுரைகளும் அதில் நுழைந்துவிடும். குழுவில் ஒருவர் தேடிப் பார்த்தால் நேர்காணல் அங்கேயே முடிந்துவிடும். மேற்கோள் வடிவத்துக்கு எம்எல்ஏ (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) கையேட்டின் 2021-ல் வந்த ஒன்பதாம் பதிப்பைப் பின்பற்றலாம். பத்தாம் அலகுக்கும் அதே படிப்பு உதவும்.

நேர்காணலில் கேட்கப்படுபவை ஒரு சிறு வட்டத்துக்குள்தான் சுற்றும். ஏன் இந்த நூல், இதைப் பற்றி யார் என்ன சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் எங்கே வேறுபடுகிறீர்கள், மூலப் பிரதி எங்கே கிடைக்கும், இந்தத் துறையில் யாரிடம் ஆய்வு செய்ய நினைக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முன்கூட்டியே வேலை செய்ய வேண்டும். 2022 விதிமுறைப்படி பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் நெறியாளராக இருக்கலாம். உங்கள் பொருளில் எழுதும் ஆசிரியரிடம் இடம் காலியாக இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன் துறையில் கேட்டுத் தெரிந்துகொள்வது முறையானதுதான்.

சேர்ந்த பிறகு குறைந்தது 12 கிரெடிட் பாடப் பயிற்சி, அதில் 55 சதவீதம் வாங்க வேண்டும். ஆய்வு, வெளியீட்டு அறம் பற்றிய பாடமும் அதற்குள் வரும். குறைந்தபட்சம் மூன்றாண்டு, வழக்கமான உச்சவரம்பு ஆறாண்டு. ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனைக்கு உட்படுத்துவார்கள். 2018 விதிகளின்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டையும் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இதில் மாட்டுகிறவர்களில் வேண்டுமென்றே திருடுகிறவர்கள் மட்டும் இல்லை. நெட்டுக்குப் படித்த நாளில் யாருடைய வரி, எந்தப் பக்கம் என்று குறிக்காமல் நோட்டில் எழுதி, மூன்றாண்டு கழித்து அது தன் வரி என்று நம்பிவிடுகிறவர்களும் உண்டு. ஆகவே முதல் சங்கிலித் தாளிலிருந்தே பிறர் வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுப் பக்க எண்ணை எழுதுங்கள். தாளின் மூலையில் எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்பதையும் எழுதுங்கள். 'வைட் சர்காசோ சீ'யின் பெங்குவின் பதிப்பில் குறித்த பக்கம் நார்ட்டன் பதிப்பில் பொருந்தாது.